தங்கத்தைக் கண்டவரின் வறுமை: ஜேம்ஸ் மார்ஷல் குறித்த விளக்கங்கள், ஒரு மதிப்பாய்வு

1848 ஜனவரி 24 அன்று, கலிபோர்னியாவின் கொலோமா பள்ளத்தாக்கில் கட்டப்பட்டுவந்த மர அறுவை ஆலையின் வாய்க்காலில் தங்கத் துணுக்குகளைக் கண்டெடுத்த ஜேம்ஸ் வில்சன் மார்ஷல், அதன்பின் வாழ்ந்த 37 ஆண்டுகளில் அந்தத் தங்கத்தால் ஏன் செல்வராகவில்லை என்ற கேள்வி, அவர் உயிரோடிருந்தபோதே எழுப்பப்பட்டது. இன்றுவரை விடைகளைச் சேர்த்துக்கொண்டும் வருகிறது. அவருடைய கண்டுபிடிப்பைத் தொடர்ந்து கலிபோர்னியாவின் ஆண்டுத் தங்க விளைவு 1849-இல் சுமார் 1 கோடி டாலராகவும், 1852-இல் 8 கோடி டாலருக்கு மேலாகவும் உயர்ந்தது. மார்ஷலோ 1885 ஆகஸ்ட் 10 அன்று கெல்சி என்னும் சிற்றூரில், ஒரு கொல்லுப்பட்டறையை நடத்திவந்த நிலையில், கையில் பொருளின்றி இறந்தார். இந்த முரண் எழுத்தாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. அதை விளக்க முன்வைக்கப்பட்ட கருத்துகள் எங்கிருந்து பிறந்தன, எந்தச் சான்றுகளைத் தாங்கி நிற்கின்றன, எங்கே வலுவிழக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மார்ஷலின் வாழ்வில் பலரும் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் குடிப்படைக் காலம் இவ்விவாதத்தில் பெறவேண்டிய இடமும் இங்கே கருதப்படுகிறது.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள்

1810 அக்டோபர் 8 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த மார்ஷல், தந்தையிடம் தச்சுத் தொழிலைக் கற்று, இருபது வயதைக் கடந்தபின் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, மிசௌரி ஆற்றங்கரையில் குடியேறினார். அங்கே விட்டுவிட்டு வந்த குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா, அவரை மீண்டும் பெயரச் செய்தது. 1844-இல் குடியேறிகளின் வண்டித்தொடர் ஒன்றில் சேர்ந்து ஆரெகனை அடைந்த அவர், 1845 கோடையில் தெற்கே இறங்கி, அப்போது மெக்சிகோவின் ஆட்சியிலிருந்த கலிபோர்னியாவில் ஜான் சட்டரின் கோட்டையை வந்தடைந்தார். சட்டர், சுவிட்சர்லாந்து வம்சத்தைச் சேர்ந்தவர். மெக்சிகோ ஆளுநரிடமிருந்து சுமார் 48,000 ஏக்கர் நிலக் கொடை பெற்று, பழங்குடியினரின் உழைப்பைக் கொண்டு ஒரு சிற்றரசு போலப் பண்ணை நடத்திவந்தவர். அவருடைய உதவியோடு மார்ஷல் பட் ஓடையருகே கொஞ்சம் நிலமும் கால்நடைகளும் வாங்கினார்.

1846-இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. கலிபோர்னியாவிலிருந்த அமெரிக்கக் குடியேறிகள் சொனோமா நகரில் கரடிக்கொடியை ஏற்றிக் கலகம் செய்தனர்; அவர்களையும் பிறரையும் சேர்த்து ஜான் ஃப்ரீமான்ட்டின் தலைமையில் 'கலிபோர்னியா படைப்பிரிவு' உருவானது. நிரந்தரச் சம்பளப் படையில் சேராத குடிமக்கள், தங்கள் குதிரையோடும் துப்பாக்கியோடும் குறுகிய காலத்துக்குத் திரளும் குடிப்படை மரபு அமெரிக்காவில் குடியேற்றக் காலத்திலிருந்தே இருந்துவந்த ஒன்று. இப்படைப்பிரிவு அம்மரபின் மேற்குக் கரை வடிவம் எனலாம். மார்ஷல் அதில் பணியாற்றினார். 1847 ஜனவரியில் கவெங்கா உடன்படிக்கையோடு கலிபோர்னியாவில் சண்டை ஓய்ந்தபின் அவர் திரும்பியபோது கால்நடைகள் சிதறியும் திருடப்பட்டும் போயிருந்தன, நிலமும் கைவிட்டுப்போயிற்று. பிழைக்க வழி தேடிய நிலையில்தான், மரம் அறுத்து விற்பதில் பங்கு என்னும் ஒப்பந்தத்தில், சட்டருக்காகக் கொலோமாவில் ஆலை கட்ட 1847-இல் இசைந்தார்.

ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் ஆற்றுக்குத் திரும்பிச் செல்லும் வாய்க்கால் போதிய ஆழமின்றி இருந்ததால், பகலில் ஆட்கள் அதை வெட்டி ஆழப்படுத்துவதும், இரவில் மடையைத் திறந்து நீரை விட்டுத் தளர்ந்த மண்ணை அடித்துப்போகச் செய்வதும் வழக்கமாக இருந்தது. நீர் மண்ணை அள்ளிச்செல்ல, எடைமிக்க துகள்கள் பாறை இடுக்குகளில் தங்கிவிட்டன. தங்கம் தேடுவோர் பின்னாளில் தொட்டி கட்டிச் செய்த வேலையை அந்த வாய்க்கால் தற்செயலாகவே செய்துமுடித்திருந்தது. காலையில் வாய்க்காலைப் பார்வையிட்ட மார்ஷல் மஞ்சள் துணுக்குகளைப் பொறுக்கி, கல்லின்மேல் வைத்துத் தட்டிப் பார்த்தார். அவை நொறுங்காமல் தட்டையாயின. சமையல் பொறுப்பிலிருந்த ஜென்னி விம்மர், சோப்புக் காய்ச்சும் காரநீரில் ஒன்றை இட்டுக் கொதிக்கவைத்தார், அது கறுக்கவில்லை. சட்டரின் கோட்டையில் நைட்ரிக் அமிலத்தாலும் எடைச் சோதனையாலும் அது தங்கமே என உறுதியாயிற்று. இவ்வளவும் பல சாட்சிகளால் உறுதிப்படும் செய்திகள். இதற்குப் பின்னுள்ள மார்ஷலின் வாழ்க்கையைப் பற்றித்தான் கருத்துகள் பிரிகின்றன.

குணத்தில் காரணம் தேடும் விளக்கம்

மிகப் பழையதும் மிகப் பரவலானதும் குணத்தை முன்னிறுத்தும் விளக்கமே. இதற்கு ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கிளைகள் உண்டு. 1870-இல் ஜார்ஜ் ஃபிரெடெரிக் பார்சன்ஸ் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, மார்ஷலைப் பிறரால் வஞ்சிக்கப்பட்ட நேர்மையாளராகக் காட்டியது. கொலோமாவுக்குத் திரண்டுவந்த கூட்டம் அவருடைய நிலத்தையும் மாடுகளையும் மரத்தையும் எடுத்துக்கொண்டது என்றும், தங்கம் இருக்குமிடத்தை உணரும் மறைசக்தி அவருக்கு உண்டு என்று நம்பியவர்கள் அவரைப் பின்தொடர்ந்து, அவர் இடம் காட்ட மறுத்தபோது மிரட்டினர் என்றும் அந்நூல் கூறுகிறது. இரண்டாம் கிளை அவர் இறந்த காலத்தை ஒட்டி வலுப்பெற்றது. மது, பிடிவாதம், எந்தத் தொழிலிலும் நிலைத்து நில்லாமை ஆகியவற்றால் அவர் தாமே தம்மைக் கெடுத்துக்கொண்டார் என்பது அதன் வாதம். 1872-இல் கலிபோர்னியச் சட்டமன்றம் மாதம் 200 டாலர் உதவித்தொகையை இரண்டாண்டுகளுக்கு அளித்து, பின்பு அதை 100 டாலராகக் குறைத்து, 1878-இல் புதுப்பிக்காமல் விட்டதை இக்கருத்தாளர்கள் தங்கள் தரப்புக்குச் சான்றாகக் கொள்வதுண்டு.

இரு கிளைகளின் மூலமும் பலவீனமானது. பார்சன்ஸின் நூல் பெரும்பாலும் மார்ஷலின் வாய்மொழியைச் சார்ந்து, அவருக்கு மக்களின் பரிவைத் தேடித்தரும் நோக்கத்தோடு எழுதப்பட்டது. மார்ஷலின் நினைவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்குக் கண்டுபிடிப்பு நாளே ஓர் அளவுகோல்: அவர் பிற்காலத்தில் சொன்ன நாளை ஏற்று ஜனவரி 19 என்றே பலரும் நெடுங்காலம் எழுதிவந்தனர். ஆலைத் தொழிலாளரில் ஒருவரான ஹென்றி பிக்ளர், அன்றன்றைக்கே எழுதிய நாட்குறிப்புதான் ஜனவரி 24 என்பதை நிலைநாட்டியது. தம் வாழ்வின் மிகப் பெரிய நாளையே தவறாக நினைவுகூர்ந்தவர், தமக்கு இழைக்கப்பட்ட தீங்குகளின் வரிசையையும் அளவையும் பிழையின்றிச் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுபுறம், குடியையும் பிடிவாதத்தையும் பேசும் குறிப்புகளில் பெரும்பாலானவை அவருடைய அறுபதுகளைப் பற்றியவை. செல்வம் கைநழுவிய 1848 முதல் 1850 வரையிலான ஆண்டுகளை அவற்றால் விளக்க முடியாது. காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கக்கூடும் என்ற ஐயத்தை இக்கருத்தாளர்கள் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. 1857-க்குப் பின் கொலோமாவில் சிறு நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டு, மது வடித்து, சில ஆண்டுகள் அத்தொழிலை ஓரளவு நன்றாகவே நடத்தியவர் மார்ஷல் என்பதும் நிலையில்லாதவர் என்ற சித்திரத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. 1967-இல் தெரெஸா கே வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு ஆவணங்களைத் தேடித் தொகுத்து இச்சித்திரத்தின் பல கோடுகளைத் திருத்தியது.

சட்டமில்லாத இடைவெளி

20-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர்களும் பொருளியலாளர்களும் கேள்வியை மனிதரிடமிருந்து நிலத்துக்கு நகர்த்தினர். கொலோமா, சட்டருக்குக் கிடைத்த நிலக் கொடையின் எல்லைக்கு வெளியே, நிசெனான் பழங்குடியினரின் வாழ்நிலத்தில் இருந்தது. தங்கம் கிடைத்தபின் சட்டரும் மார்ஷலும் அப்பழங்குடியினரிடம் குத்தகை எழுதி வாங்கி, அதற்கு ஒப்புதல் கேட்டு மான்டெரேயிலிருந்த இராணுவ ஆளுநர் கர்னல் ரிச்சர்ட் மேசனிடம் ஆள் அனுப்பினர். பழங்குடியினர் நிலத்தைக் குத்தகைக்கு விடும் உரிமையை அமெரிக்க அரசு ஏற்பதில்லை என்று கூறி மேசன் மறுத்துவிட்டார். சுரங்க உரிமை கோருவதற்கான மெக்சிகோ நடைமுறையை அவர் 1848 பிப்ரவரியில் ரத்தும் செய்தார். கண்டுபிடிப்பு நிகழ்ந்து ஒன்பதே நாளில், பிப்ரவரி 2 அன்று, தங்கச் செய்தியை அறியாத தூதர்கள் கையெழுத்திட்ட குவாதலூப்பே இடால்கோ உடன்படிக்கை கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு உரியதாக்கியது. பழைய சட்டம் போயிற்று. புதிய சட்டம் வரவில்லை. கூட்டரசுச் சுரங்கச் சட்டங்கள் 1866 முதல் 1872 வரையிலான ஆண்டுகளில்தான் இயற்றப்பட்டன.

இந்த இடைவெளியில் தங்கம் தேடுவோர் கூடிக் கூடித் தாங்களே விதிகளை வகுத்தனர். ஒருவர் குறிப்பிட்ட அளவுள்ள ஒரு துண்டு நிலத்தில் மட்டும் தோண்டலாம்; மண்வெட்டியையோ கடப்பாரையையோ குழியில் விட்டுச்சென்றால் அது அவருடைய இடம் என்பதற்கு அடையாளம்; குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வேலை செய்யாமல் விட்டால் வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் கண்டவருக்குப் பல முகாம்களில் கிடைத்த சிறப்பு, கூடுதலாக ஒரு துண்டு நிலமே. கொலோமாவில் தோண்டியோரிடம் மார்ஷலும் சட்டரும் தொடக்கத்தில் கேட்டுவந்த பங்கு, 1848 கோடைக் கூட்டத்தின் முன் நிற்கவில்லை.

இவ்விதிகளை எப்படி மதிப்பிடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜான் அம்பெக், அரசில்லாத இடத்திலும் மக்கள் தாமாகவே சொத்துரிமையை உருவாக்கிக்கொள்வர் என்பதற்கு இவற்றை எடுத்துக்காட்டாக்கினார்; எல்லோரிடமும் துப்பாக்கி இருந்ததால் எல்லோருக்கும் ஏறத்தாழச் சம நிலம் என்பது அவருடைய விளக்கம். கேரன் கிளேயும் கேவின் ரைட்டும் இதை மறுத்து, அவ்விதிகள் உரிமையை உறுதிசெய்வதைவிட, வருவோர் அனைவருக்கும் இடம் கிடைக்கச் செய்வதையும் இடங்கள் விரைந்து கைமாறுவதையும் நோக்கமாகக் கொண்டவை என வாதிட்டனர். மார்ஷலைப் பொறுத்தவரை இரண்டாவது கருத்தே கூடுதல் பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது. ஒரே இடத்தில் ஆலை, நிலம், நீர் ஆகியவற்றோடு நிலைத்திருக்க நினைத்தவருக்கு அவ்விதிகளில் இடமே இருக்கவில்லை. சட்டர் தம் பங்கை விற்றபின் வந்த வழக்குகளாலும் மரத் தட்டுப்பாட்டாலும் ஆலையும் 1850 அளவில் நின்றுபோயிற்று.

ஆனாலும் சட்ட விளக்கம் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. இதே இடைவெளியில் சிலர் பெருஞ்செல்வர் ஆயினர். சட்டம் இல்லாமை எல்லோருக்கும் பொதுவாக இருக்க, விளைவு மட்டும் வேறுபட்டது ஏன்?

குடிப்படைத் தோழர்களோடு ஓர் ஒப்பீடு

இக்கேள்விக்குக் கலிபோர்னியா படைப்பிரிவே ஒரு நல்ல உரைகல். மார்ஷலோடு அப்படையில் இருந்தவர்களில் ஜான் பிட்வெல், 1848 ஜூலையில் ஃபெதர் ஆற்றில் தங்கம் கண்டு, அந்த வருவாயில் சீகோ பண்ணையை வாங்கி, பின்னாளில் அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினரானார். படைப்பிரிவின் சம்பளப் பொறுப்பாளராக இருந்த பியர்சன் ரெடிங், 1844-இலேயே மெக்சிகோவிடமிருந்து நிலக் கொடை பெற்றவர். 1848-இல் டிரினிட்டி ஆற்றில் தங்கம் எடுத்தார். போர்ப்பணியும் ஒன்று, காலமும் ஒன்று, கண்டுபிடித்தவர் என்ற பெருமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு உழைப்பிலும் நிலத்திலும் இருந்தது. இருவரும் பழங்குடித் தொழிலாளரைக் கூட்டமாக அமர்த்தித் தங்கம் எடுத்தனர். 1848 கோடையில் சுரங்கப் பகுதியைச் சுற்றிப் பார்த்த மேசனின் அறிக்கை, தங்கம் தோண்டிய சுமார் 4,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பழங்குடியினர் என மதிப்பிடுகிறது. வெள்ளையர் நால்வரையும் பழங்குடியினர் சுமார் 100 பேரையும் வைத்து வேலை செய்த ஒரு கூட்டாளி இணை, ஒரே வாரத்தில் கூலி போக 10,000 டாலர் மிச்சம் பார்த்ததையும் அது பதிவுசெய்கிறது. ஜேம்ஸ் ராவ்ல்ஸ், ஆல்பர்ட் ஹர்ட்டாடோ ஆகியோரின் ஆய்வுகள் இந்த உழைப்பின் அளவையும் கொடுமையையும் வெளிக்கொணர்ந்தபின், தனி மனிதர் ஒருவர் தட்டும் மண்வெட்டியுமாகச் செல்வம் திரட்டிய முதல் பருவம் என்ற பழைய வருணனையை அப்படியே ஏற்பது கடினம்.

இந்த வழியும் வெகுநாள் திறந்திருக்கவில்லை. ஆரெகனிலிருந்து வந்த வெள்ளைத் தொழிலாளர், பழங்குடியினரை அமர்த்தியவர்களைப் போட்டியாகக் கருதி எதிர்த்தனர். ரெடிங் டிரினிட்டியை விட்டு வெளியேற நேர்ந்தது அதனால்தான். 1849 வசந்தத்தில் கொலோமா வட்டாரத்திலேயே, வேறோரிடத்தில் நடந்த கொலைகளுக்குப் பழி என்ற பேரில், பழங்குடியினர் பலர் கொல்லப்பட்டனர். தம்மோடு வேலை செய்தவர்களைக் காக்க முயன்ற மார்ஷல் உயிருக்கு அஞ்சி அவ்விடத்தை விட்டு விலகினார் என்பது பழைய வரலாறுகள் தரும் செய்தி. அது முழுமையாக உண்மையானால், அவருடைய வாழ்வில் செல்வம் கைவிட்டுப்போன திருப்பம் இங்கேதான் இருக்கிறது. தங்கத்தைக் கண்டவர் என்பதைவிட மதிக்கத்தக்க செயலும் இதுவே.

குடிப்படை என்னும் அமைப்பின் தொடர்ச்சியையும் இங்கே கண்மூடிக் கடக்க இயலாது. மெக்சிகோவுக்கு எதிராகத் திரண்ட அதே வகைத் தன்னார்வப் படைகள், 1850-களில் மாநில அரசின் பணத்தில் பழங்குடியினருக்கு எதிராக ஏவப்பட்டன. பெஞ்சமின் மாட்லி 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1846-க்கும் 1873-க்கும் இடையே கலிபோர்னியப் பழங்குடி மக்கள்தொகை சுமார் 1,50,000-இலிருந்து சுமார் 30,000 ஆகச் சரிந்தது. இச்சரிவில் நோய், பட்டினி, கொலை ஆகியவற்றின் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில் ஆய்வாளரிடையே வேறுபாடு இருப்பினும், தங்கவயல் வாழ்க்கை வரலாறுகளை இதிலிருந்து தனியே பிரித்து எழுதும் பழக்கம் இனி நியாயமாகாது.

போர்ப்பணி கொடுத்ததும் எடுத்ததும்

போரில் பங்கேற்றவர்களுக்கு அரசு நிலமும் பணமும் அளித்ததால், குடிப்படை வீரர்கள் தங்கவயலில் முன்னுரிமையோடு இறங்கினர் என்ற எண்ணம் பொது நூல்களில் அவ்வப்போது தென்படுகிறது. மார்ஷலின் நேர்வில் இது பொருந்துவதாகத் தெரியவில்லை. கலிபோர்னியா படைப்பிரிவு கடற்படை அதிகாரியான ஸ்டாக்டனின் ஆணையால் அமைந்தது. தரைப்படைத் தளபதி கியர்னி அதன் தலைவர் ஃப்ரீமான்ட்டோடு அதிகாரப் போட்டியில் இறங்கி, இறுதியில் அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார். வீரர்களுக்கு வாக்களிக்கப்பட்டது மாதம் 25 டாலர். நிரந்தரப் படையின் சாதாரண வீரருக்கோ 7 டாலர்தான். யாருடைய படை என்பதே வழக்காகிவிட்ட நிலையில் சம்பளமும் இழப்பீடும் இழுபட்டன. படைப்பிரிவு தொடர்பான கோரிக்கைகளைத் தீர்க்கக் காங்கிரஸ் குழு அமைத்தது 1852-இல்தான். ஆகவே 1847-இன் தொடக்கத்தில் ஊர் திரும்பியவருக்குப் போர்ப்பணியால் கிடைத்தது ஒன்றுமில்லை, போனது பண்ணை. பிட்வெலுக்கும் ரெடிங்குக்கும் கைகொடுத்த அடித்தளம், அதாவது போருக்கு முன்பே அமைந்த நிலமும் ஆட்கட்டும், மார்ஷலிடம் அரைகுறையாக இருந்து, போர்க் காலத்தில் அழிந்தது. இவ்விளக்கம் தனி ஒருவரின் இழப்பை வைத்துக் கட்டப்பட்டது என்பதும், அந்த இழப்பின் அளவுக்கு மார்ஷலின் கூற்றே முதன்மைச் சான்று என்பதும் இதன் குறை. இருப்பினும் இதுவரை கண்ட விளக்கங்களில், ஒரே படையில் இருந்தவர்களின் வேறுபட்ட முடிவுகளைச் சேர்த்து விளக்க முயல்வது இது ஒன்றே.

கொலோமா ஆலையில் வேலை செய்த வேறொரு போர்வீரர் குழுவும் ஒப்பிடத்தக்கது. பிக்ளர், அசரையா ஸ்மித் முதலியோர் 1846-இல் திரட்டப்பட்டு 1847 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் விடுவிக்கப்பட்ட மார்மன் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். தங்கம் மிகுதியாகக் கிடைத்துக்கொண்டிருந்த 1848 கோடையிலேயே இவர்களில் பலர் தங்கள் சமயத்தாரோடு சேர உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டுவிட்டனர். அவர்களை யாரும் தோல்வியுற்றவர்கள் எனக் குறிப்பதில்லை. ரோட்மன் பாலின் மதிப்பீட்டில், சுரங்கத் தொழிலாளியின் சராசரி நாள்வருவாய் 1848-இல் 20 டாலராக இருந்து, 1852-இல் 6 டாலராகி, 1850-களின் இறுதியில் 3 டாலர் வரை இறங்கியது. தங்கத்துக்காகக் குடிபெயர்ந்தவர்களுக்குக் கிடைத்த நிகர ஆதாயம் சராசரியாக மிகச் சிறிது அல்லது இல்லை என்பது கிளேயும் ராண்டால் ஜோன்ஸும் 2008-இல் கண்ட முடிவு. இந்தப் பின்னணியில் வைத்தால் மார்ஷலின் வறுமை விதிவிலக்கு அல்ல. கண்டவர் செல்வராகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கேள்வியைக் கோணலாக்கியிருக்கிறது.

முதலில் கண்டவர் யார் என்னும் கிளைவிவாதம்

மார்ஷலுக்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1842 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கேயுள்ள பிளாசெரிட்டா பள்ளத்தாக்கில் பிரான்சிஸ்கோ லோபஸ் தங்கம் கண்டார். அங்கிருந்து பிலடெல்பியா நாணயச் சாலைவரை தங்கம் சென்றது. ஆகவே மார்ஷலின் பெருமை முதன்மையைவிட விளைவைச் சார்ந்தது. முதல் துணுக்கு எது என்பதிலும் ஸ்மித்சோனியன் காட்சியகத்திலுள்ள மெல்லிய தகட்டுக்கும், பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகத்திலுள்ள விம்மர் கட்டிக்கும் போட்டி உண்டு. இவை ஆர்வமூட்டுபவை ஆயினும், வறுமை பற்றிய வினாவுக்கு அதிகம் உதவுவதில்லை.

முடிவுறாதவை

மேற்கண்ட விளக்கங்களில் குணம் பற்றியது மிகக் குறைந்த சான்றோடும், சட்டம் பற்றியது மிகுந்த சான்றோடும், போர்ப்பணி பற்றியது மிகுந்த விளக்க ஆற்றலோடும் நிற்பதாகக் கொள்ளலாம். ஆனால் போர்ப்பணி விளக்கத்தைத் திடப்படுத்த, பிட்வெல், ரெடிங் போன்ற புகழ்பெற்ற ஓரிருவரை ஒப்பிட்டால் போதாது. படைப்பிரிவின் சில நூறு பேரையும் பெயர் பெயராகத் தொடர்ந்து, போருக்கு முன் நிலம் வைத்திருந்தோர், இல்லாதோர் எனப் பிரித்து, 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளில் அவர்களுடைய சொத்து மதிப்பைப் பார்ப்பது அதற்கு உகந்த வழி. அப்படிப் பார்க்கும்போதும், அக்கணக்குகள் நிலையாகக் குடியிருந்தவர்களையே நன்றாகப் பிடிக்கும். மார்ஷலைப் போல முகாமுக்கு முகாம் அலைந்தவர்கள் அதில் தவறிப்போக வாய்ப்புண்டு என்பதால், முடிவுகள் செல்வர் பக்கமே சாயக்கூடும். 1849-இல் மார்ஷல் பழங்குடியினருக்காகத் தலையிட்டது எந்த அளவில், எந்த நோக்கத்தில் என்பதும் தீராத கேள்வியே. தம் தொழிலாளரை இழக்க விரும்பாத முதலாளியின் செயலாக அதைப் படிக்கலாம். கூட்டத்துக்கு எதிரே தனித்து நின்ற மனிதரின் செயலாகவும் படிக்கலாம். இதற்கான எழுத்துச் சான்றுகள் வெள்ளையர் தரப்பிலிருந்தே வருகின்றன. நிசெனான் குடும்பங்களிடையே கொலோமாவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த செய்திகளையும் அவற்றோடு பக்கத்தில் வைத்து ஆராயும் வரை, எந்த வாசிப்பையும் உறுதியாகத் தேர்ந்துகொள்ள இயலாது.